நாய்க்குத் தெரியாது பாஸ்!

இந்த வாரம் ஒரு மினி வைவாவோட ஆரம்பிக்கலாம். எக்ஸ்டர்னல் நான்தான். பயப்படாதீங்க, மார்க் கிடையாது.

கேள்வி நம்பர் 1: உங்க காலேஜ் மெயின் கேட்ல இருந்து கேன்டீன் வரைக்கும் போற வழியில என்னென்ன செடி இருக்கு?

'பச்சையா இருக்கும் சார்' என்று சொன்னவர்கள் உட்காரலாம். கேன்டீனுக்குப் போகும்போது செடியைப் பார்க்கும் பொறுமை இங்கே யாருக்கும் கிடையாது.

கேள்வி நம்பர் 2: அந்தச் செடிகளில் எத்தனை ஒரு நாயைக் கொல்லும்?

இப்போ கிளாஸே சைலன்ட். அந்த சைலன்ஸுக்காகத்தான் இந்த வார மேட்டர்.

நம்ம காலேஜ்ல ஹெச்.ஓ.டி. மாறுவார், சிலபஸ் மாறும், கேன்டீன் கான்ட்ராக்ட்கூட மாறும். மாறாத ஒரே ஸ்டாஃப், நாய்! ஹெச்.ஓ.டி. ரூம் வாசலில் படுத்தே கிடந்தால் அதுக்குப் பேர் 'அட்டெண்டர்'. லேப் பக்கமே சுற்றினால் 'ரெக்கார்டு'. எங்கே போனாலும் விடாமல் பின்னாடியே வந்தால் 'அரியர்'. எக்ஸாம் முதல் நாள் நைட்டு படிக்கிறேன் பேர்வழினு காரிடாரில் உட்கார்ந்திருக்கும்போது, 'உனக்கு எதுவுமே தெரியாதுனு எனக்குத் தெரியும்டா' என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலடியில் சுருண்டு படுக்கும் பாருங்க... அந்த ஜீவனைப் பத்தித்தான் பேசப்போறோம்.

'அதுக்குத் தெரியாதா என்ன?'

தெரியாது பாஸ்!

'வாயில்லா ஜீவனுக்கு எது ஆகும், எது ஆகாதுனு நம்மளைவிட நல்லாவே தெரியும்' என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் உடனே அருகம்புல்லைக் காட்டுவார்கள். வயிறு சரியில்லைன்னா நாய் தானே தேடிப்போய் அருகம்புல் தின்னுமாம், வாந்தி எடுக்குமாம், சரியாயிடுமாம்.

அமெரிக்காவில் டேவிஸ் நகரில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. நாய் வளர்க்கும் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வி கேட்டு, 2008-ல் ரிசல்ட்டை வெளியிட்டார்கள். புல், செடி தின்பதற்கு முன்னால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாய்கள் வெறும் 8 சதவீதம்தான். தின்ற பிறகு வழக்கமாக வாந்தி எடுப்பவை 22 சதவீதம். ஆக, பெரும்பாலான நாய்கள் நல்லா இருக்கும்போதே தின்கின்றன, தின்ற பிறகும் நல்லாவே இருக்கின்றன. இது வைத்தியம் இல்லை, பழக்கம். அதிலும் குட்டிகளும் இளசுகளும்தான் அதிகம் தின்கின்றனவாம்.

யோசிச்சுப் பாருங்க. ஆடு தொடாத இலைக்கு 'ஆடாதோடை'னு பேர் வெச்ச ஊர் நம்மூர். 'நாய் தொடாத இலை'னு ஒரு பேரை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? ஆட்டுக்கு இலைதான் சோறு. எது கசப்பு, எது விஷம்னு பார்த்துத் தின்னாத ஆடு பிழைக்காது. நாய் கேஸ் வேற. அது உலகத்தையே மூக்காலயும் வாயாலயும்தான் படிக்கும். நமக்கு நாக்கில் ஆயிரக்கணக்கில், கிட்டத்தட்ட 9,000 சுவை மொட்டுகள் என்றால், நாய்க்குச் சுமார் 1,700தான். பல் முளைக்கிற குட்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். செருப்பு, சார்ஜர் வயர், கால்குலேட்டர் கவர்... கிடைத்ததெல்லாம் கடி! அந்த லிஸ்ட்டில் செடியும் உண்டு.

கேட் வாசலில் ஒரு டைனோசர் காலத்து ஆள்

இப்போ மெயின் கேட்டுக்கு வருவோம். ஃபவுன்டன் பக்கத்திலோ, நிறுவனர் சிலை பக்கத்திலோ, குட்டித் தென்னை மாதிரி, ஆனால் ஓலை எல்லாம் விறைப்பாக, ஊசி ஊசியாக, வட்டமாக விரிந்து ஒரு செடி நிற்கும். பணக்கார காலேஜ் என்றால் வரிசையாகப் பத்து நிற்கும். அதுதான் சைகஸ். நர்சரியில் 'சேகோ பாம்' என்பார்கள்.

பேரில்தான் பாம். பனைக்கும் அதுக்கும் சொந்தம் கிடையாது. டைனோசர் காலத்திலேயே இருந்த ஜிம்னோஸ்பெர்ம் குடும்பம். ப்ளஸ் டூ பாட்டனி ஞாபகம் வருதா? பூ, காய் எதுவும் இல்லாமல் விதையை வெட்டவெளியில் வைத்திருக்குமே, அந்த கேட்டகிரி. சேகோ என்றதும் சேலத்துக்காரர்கள் டென்ஷன் ஆக வேண்டாம். நம்ம ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் இருந்து வருகிறது. பாயசத்தைத் தாராளமாகக் குடிக்கலாம்.

சைகஸில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியின் உச்சியில், வெல்வெட் துணி போர்த்திய கூடு மாதிரி ஒன்று வரும். அதற்குள் ஆரஞ்சு, சிவப்பு கலரில் வழவழவென்று கொட்டைகள். உருட்டி விளையாடுவதற்கு என்றே செய்தது மாதிரி இருக்கும். செடியில் எல்லா பாகத்திலும் விஷம் உண்டு. ஆனால், கொட்டையில்தான் அதிகம். ஒன்றிரண்டு கொட்டையே ஒரு நாயைக் கொல்லப் போதும். சைகாசின் என்று ஒரு பொருள். வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியா அதைப் பிரித்ததும், உருவாகும் விஷம் நேராகக் கல்லீரலைத் தாக்கும்.

தென்மாவட்டத்து காலேஜ் ஒன்றில் படிக்கும் என் ஸ்கூல் ஃப்ரெண்ட் சொன்னது இது. அவர்கள் ஹாஸ்டலில் ஆறு மாதக் குட்டி ஒன்று இருந்தது. பேர், சாட்சாத் 'அரியர்'. ஒருநாள் சாயங்காலம் கேட் பக்கத்தில் ஆரஞ்சு கலர் கொட்டை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் கடித்தும் பார்த்திருக்கிறது. நைட்டு நாலு தடவை வாந்தி. 'மெஸ் சாப்பாடு சாப்பிட்டா நமக்கே அப்படித்தானேடா' என்று சிரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் வாந்தி நின்றுவிட்டது. பிஸ்கட் சாப்பிட்டதாம். கொஞ்சம் டல்லாக இருந்தாலும் வாலை ஆட்டியிருக்கிறது. 'பார்த்தியா, தானே சரியாயிடுச்சு!'

மூன்றாம் நாள் ஈறும் கண்ணும் மஞ்சள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'என்ன தின்னுச்சு? எப்போ தின்னுச்சு?' ஒருத்தருக்கும் தெரியவில்லை. கேட் பக்கம் பார்த்த வாட்ச்மேன் அண்ணனுக்கு போன் போட்ட பிறகுதான் கொட்டை மேட்டரே வெளியே வந்தது. 'முதல் நாள் நைட்டே கொண்டு வந்திருந்தா வாந்தி எடுக்க வெச்சு, கரி குடுத்து, ட்ரிப்ஸ் ஏத்தி ஒரு கை பார்த்திருக்கலாம்பா' என்றாராம் டாக்டர். நாலாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை.

'அரியர் க்ளியர் ஆயிடுச்சு'னு ஜோக் அடிக்க அந்த பிளாக்கில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை என்றான்.

அந்த ரெண்டாம் நாளை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. 'சரியாயிடுச்சு' என்று நம்மை ஏமாற்றிய நாள். இந்தக் கட்டுரையில் அது திரும்பத் திரும்ப வரும்.

ஹைவேஸ் அழகி

சென்னையில் இருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகும்போது ரோட்டு நடுவே பிங்க், வெள்ளை என்று கூடவே வருமே... அரளி! தண்ணி அதிகம் வேண்டாம், எதிரே வரும் லைட்டை மறைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. மீடியனில் வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அதே காரணத்துக்காக காலேஜ் காம்பவுண்டு ஓரத்திலும் வைத்திருப்பார்கள். மஞ்சள் மணி மாதிரி பூக்கும் தங்க அரளியும் கிட்டத்தட்ட இதே கேஸ்தான்.

மாடு வாய் வைக்காததற்குக் காரணம் இருக்கு. நம்ம உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பம்ப் ஓடுகிறது. மெக்கானிக்கல் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஒவ்வொரு ரவுண்டிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். 1957-ல் இதைக் கண்டுபிடித்த டென்மார்க்காரர் யென்ஸ் ஸ்கௌ, 1997-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அரளியில் இருக்கும் ஒலியாண்ட்ரின் போய் அந்த பம்பையே ஜாம் பண்ணிவிடும். இதயத்துக்கு அதுதான் டைமிங் சர்க்யூட் மாதிரி. துடிப்பு குறையும், தாளம் தப்பும், நின்றும் போகும். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிஜாக்சினும் இதே வேலையைத்தான் கொஞ்சூண்டு டோஸில் செய்கிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு டெசிமல் பாயின்ட்!

நாய் அரளிச் செடியைத் தேடிப்போய் மேய்வது அபூர்வம். ஆபத்து வேற ரூட்டில் வருகிறது. ஒன்று, கவாத்து பண்ணி ஓரமாகக் குவித்த கிளைகள். இலை காய்ந்தாலும் விஷம் காயாது. இரண்டு, நாம். 'கேட்ச்!' என்று குச்சி வீசி விளையாடுவோமே, அது எந்தச் செடியில் ஒடித்த குச்சி என்று என்றைக்காவது பார்த்திருக்கோமா? இனிமேல் பந்து வீசுங்க. கிரிக்கெட் பந்து தொலைவது ஒன்றும் புதுசு இல்லையே.

ஆர்கானிக்னா ஆபத்து இல்லையா?

ஃபைனல் இயர் மெக்கானிக்கல் புராஜெக்ட் என்றாலே ஒரு காலத்தில் பயோடீசல்தான். 2003 வாக்கில் நாடே காட்டாமணக்கு பின்னாடி ஓடியது. அப்போது நட்ட செடிகள் பல காம்பவுண்டுகளில் இன்னும் நிற்கலாம். அதன் கொட்டையைத் தின்றால் நாய்க்கு வாந்தி, பேதி பிய்த்துக்கொண்டு போகும்.

அதன் சொந்தக்காரர் ஆமணக்கு இன்னும் பெரிய ஆள். கொட்டையில் இருக்கும் ரிசின், செல்லுக்குள் புகுந்து புரோட்டீன் தயாரிக்கும் ரைபோசோம் என்கிற ஃபேக்டரிகளை வரிசையாக மூடிக்கொண்டே போகும். ஒரே ஒரு ரிசின் மூலக்கூறு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேக்டரிகளுக்குப் பூட்டு போடும்.

'சின்ன வயசுல எனக்கு விளக்கெண்ணெய் குடுத்தாங்களே, நான் நல்லாத்தானே இருக்கேன்?' நல்ல கேள்வி. ரிசின் எண்ணெயில் கரையாது. எண்ணெய் பிழிந்த பிறகு அது புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் புண்ணாக்குதான் ரோஜாத் தொட்டிக்கு 'ஆர்கானிக் உரம்'. சரியாகச் சூடுபடுத்தி விஷம் நீக்கியிருந்தால் பிரச்னை குறைவு. நீக்காமல் இருந்தால்? நம் மூக்குக்கு அது நாற்றம், நாய் மூக்குக்கு அது ஸ்பெஷல் டிஃபன். தொட்டியை நோண்டி மூட்டையையே காலி பண்ணும். ஆமணக்குச் செடியே இல்லாத மொட்டை மாடியிலும் ஆமணக்கு விஷம் வரும் வழி இதுதான்.

அறிகுறி உடனே வராது. ஆறு மணி நேரம் ஆகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். பார்த்தீங்களா, அதே ஏமாற்று இடைவெளி! ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆமணக்கு தின்ற 98 நாய்களைப் பற்றி 2000-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இறந்ததும், பிழைக்காது என்று கருணைக்கொலை செய்யப்பட்டதும் சேர்த்து 9 சதவீதம்தான். 'ரிசின்' என்ற பேரைக் கேட்டே கையை விரித்துவிடாதீங்க. ஓடினால் காப்பாற்றலாம்.

மெஸ் மிச்சம்

செடி என்றால் தோட்டத்தில் மட்டும்தான் இருக்கணுமா? சாம்பாரில் மிதப்பதும் செடிதானே!

வெங்காயம். பெரிசோ, சின்னதோ, வெந்ததோ, வேகாததோ, எல்லாம் ஒண்ணுதான். அதில் இருக்கும் கந்தகப் பொருள்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ எடைக்கு 15-ல் இருந்து 30 கிராம் வெங்காயம் என்பது ஆபத்துக் கணக்கு. கால்குலேட்டரை எடுங்க. நம்ம காலேஜ் நாய் 15 கிலோ என்றால், 225 கிராமில் ஆரம்பிக்கிறது சனி. ரெண்டு மூணு பெரிய வெங்காயம்! ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கொடுத்த வெங்காயப் பச்சடியில் மிஞ்சியதை மொத்தமாகக் கவிழ்த்தால் அதைவிட அதிகம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போட்டாலும் சேரும். பூண்டு இன்னும் ஸ்ட்ராங். இங்கேயும் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, காப்பி கலரில் சிறுநீர். அப்போது சாம்பார் ஞாபகம் யாருக்கு வரும்?

அடுத்தது திராட்சை. பச்சைத் திராட்சை, கேக்கிலும் பாயசத்திலும் போடும் உலர் திராட்சை இரண்டுமே நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். முதலில் வாந்தி, ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீர் நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். ஒரு நாய் நிறையத் தின்றும் ஜம்முனு இருக்கும், இன்னொன்று கொஞ்சத்திலேயே படுத்துவிடும். ஏன் என்று இருபது வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

க்ளூ கிடைத்தது குழந்தைகள் விளையாடும் மாவு களிமண்ணில்! வீட்டில் செய்த அந்தக் களிமண்ணைத் தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு. அதில் 'க்ரீம் ஆஃப் டார்டார்' என்ற சமையல் பொடி இருந்தது. அதுவும் திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்புதான். அமெரிக்க விலங்கு விஷ மையத்தின் மருத்துவர்கள் 2021-ல் இந்த முடிச்சை அவிழ்த்து எழுதினார்கள். திராட்சைக்குத் திராட்சை அந்த அமிலத்தின் அளவு மாறுவதால்தான் ஒரு நாய்க்கு ஆவதும் இன்னொன்றுக்கு ஆகாததும்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? டார்டாரிக் அமிலம் அதிகம் இருக்கும் இன்னொரு பழம்... நம்ம புளி! புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ரசம் ஊற்றின சோறு ஒரு வாய் தின்றதற்காகப் பதற வேண்டாம். ஆனால் மெஸ் பின்னாடி கொட்டும் புளிச்சக்கையையும், மரத்தடியில் கிடக்கும் பழத்தையும் குட்டி வாயில் பார்த்தால் பிடுங்குங்க.

ரேபிட் ஃபயர்!

ஊமத்தை: கண் பாப்பா விரியும், வாய் உலரும், இதயம் படபடக்கும், இல்லாத ஈயைத் துரத்தும். போதை இல்லை, விஷம்.

குன்றிமணி: பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, அதே சிவப்பு கறுப்பு. ஓடு கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து உடைத்தால் ரிசினின் தம்பி அப்ரின் தயார்.

செங்காந்தள்: மாநில மலர் என்று ஜி.கே. புக்கில் மனப்பாடம் செய்தது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக வயலாகவே வளர்க்கும் கண்வலிக்கிழங்கும் இதுதான். கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின். செல் பிரிவதையே நிறுத்தும். மண்ணை நோண்டும் நாய்க்குக் கிழங்கு என்றால் கேட்கணுமா?

டம்ப் கேன், மணி பிளாண்ட்: ஆபீஸ் ரூம் அலங்காரங்கள். சேனைக்கிழங்கு நாக்கை அரிப்பது, தொண்டையைக் காறுவது தெரியுமே? அதே குடும்பம், அதே ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள். வாய் வீங்கும், எச்சில் கொட்டும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, மூச்சுத் திணறாத வரைக்கும்.

பயமுறுத்தியது போதும். ரோஜா, மல்லிகை, அரிக்கா பாம், ஸ்பைடர் பிளாண்ட் எல்லாம் நாய்க்கு நல்ல பிள்ளைகள்.

நுரை தள்ளினா வெறியா?

இது ரொம்ப சீரியஸ். விஷச்செடி தின்ற நாய் தள்ளாடும், எச்சில் ஒழுகும், நுரை தள்ளும், சில சமயம் வெட்டி வெட்டி இழுக்கும். தெருவில் அப்படி ஒரு நாயைப் பார்த்தால் நம்ம ஆட்கள் முதலில் தேடுவது கட்டையைத்தான். 'வெறி புடிச்சிருச்சுடா!' விஷத்தில் தப்பிக்க வேண்டியது, அடியில் போய்ச் சேரும்.

அதுக்காக ஹீரோ மாதிரி பாய்ந்து வாயில் கையை விடவும் கூடாது. வெறிநோய் நம்மூரில் நிஜம், வந்தால் மருந்தில்லை. பார்த்த மாத்திரத்தில் இது விஷமா, வெறியா என்று நம்மால் சொல்ல முடியாது. பழக்கமில்லாத நாய் என்றால் தள்ளி நில்லுங்க, கூட்டத்தைக் கலைங்க, கால்நடை மருத்துவருக்கு போன் பண்ணுங்க. கடி பட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி. நோ எக்ஸ்கியூஸ்!

தின்னுடுச்சு... இப்போ?

1. வாயில் மிச்சம் இருந்தால் எடுங்க. பழகிய நாயாக இருந்தால் மட்டும்.

2. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு? மூணும் முக்கியம். செடியை போட்டோ எடுங்க. ஒரு கிளையோ கொட்டையோ கவரில் போட்டு எடுத்துக்கங்க. அந்த டாக்டரின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

3. எடை தெரியணும். நாயைத் தூக்கிக்கிட்டு எடை மெஷினில் ஏறுங்க. அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சா ஆன்ஸர். லேப்பில் காலி பீக்கரை எடை போடுவோமே, அதே டெக்னிக்.

4. உப்புத் தண்ணி, எண்ணெய், பால், முட்டை, புளித்தண்ணி... எதுவும் வேண்டாம். உப்பு அதிகமானால் அதுவே தனி விஷம். சோர்ந்து கிடக்கும் நாய் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு பண்ணட்டும்.

5. உடனே கிளம்புங்க. தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால் வயிற்றில் இருப்பதை வெளியே கொண்டுவர வாய்ப்பு அதிகம். சென்னை என்றால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவமனை. ராத்திரி யார் பார்ப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து நம்பரை சேவ் பண்ணுங்க. பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு தேடக் கூடாது.

6. வாந்தி நின்றாலும், பிஸ்கட் தின்றாலும், வாலை ஆட்டினாலும் கிளம்புங்க. வாந்தி நிற்பது ரிசல்ட் இல்லை பாஸ், இன்டர்வெல்!

வெட்ட வேண்டாம், விசாரிங்க

'அப்போ காலேஜ்ல இருக்கிற செடியை எல்லாம் வெட்டிடலாமா?' என்று கேட்பவர்கள் ஒரு நிமிஷம். அரளியை வெட்டினால் கோயில் மாலைக்கு எங்கே போவது? செடி மேலே தப்பு இல்லை. ஓடிப் பிழைக்க அதுக்குக் கால் இல்லை. அதனால் விஷத்தை வெச்சிருக்கு. அதன் தற்காப்பு அது.

அரியர் போன பிறகு அந்த ஹாஸ்டல் பசங்க தோட்டக்கார அண்ணனைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். சண்டை போட இல்லை, சொல்வதற்காக. 'இது வெஷமாப்பா? வெட்டி அந்த ஓரமாத்தானே போட்டுக்கிட்டிருக்கேன்' என்று அவரே ஆடிப்போனாராம். இப்போது பெண் சைகஸ்களில் கொட்டை முற்றும் முன்னாலேயே அந்தக் கூட்டை அறுத்து, நாய் எட்டாத குழியில் போட்டு மூடிவிடுகிறார். செடி அப்படியே இருக்கு. கேட் அழகும் அப்படியே இருக்கு. செலவு, ஓர் அரிவாளும் பத்து நிமிஷமும்.

உங்க காலேஜிலும் இதைச் செய்ய ப்ரின்சிபால் சர்க்குலர் தேவையில்லை. இந்த வாரம் ஏதாவது ஒரு போரடிக்கும் ஹவரில், மெயின் கேட்டில் இருந்து கேன்டீன் வரைக்கும் ஒரு ரவுண்டு நடங்க. சைகஸ் எத்தனை, அரளி எங்கே, கவாத்து பண்ணினதை எங்கே கொட்டுறாங்க, மெஸ் மிச்சம் எந்தப் பக்கம் போகுது... நாலே விஷயம். நோட் பண்ணி, தோட்டக்கார அண்ணன்கிட்டயும் மெஸ் மாஸ்டர்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசுங்க. கேட்பாங்க. அவங்களுக்கும் அந்த நாயைப் பிடிக்கும். சொல்லப்போனா, நமக்கு முன்னாடி சோறு போட்டதே அவங்கதான்.

நாம நாலு வருஷத்துல சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டுக் கிளம்பிடுவோம். அது எந்த கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் போகப்போறதில்லை. அடுத்த பேட்ச் காரிடாரில் படிக்கும்போதும் யாராவது ஒருத்தர் காலடியில் படுத்துத் தூங்கணும் இல்லையா?

அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு.

வர்ட்டா? அடுத்த வாரம் பார்ப்போம்!